மண்ணுக்கு உரியவரும் வீட்டுக்கு உரியவரும்

1924ஆம் ஆண்டு ஈ. எம். ஃபார்ஸ்டரின் வாழ்க்கையில் இரண்டு காரணங்களால் முக்கியமானது. 'எ பாசேஜ் டு இந்தியா' வெளிவந்தது அந்த ஆண்டில்தான். அவருடைய அத்தை லாரா காலமாகி, சர்ரே மாவட்டத்தில் அபிஞ்சர் என்னும் ஊர்ப்பக்கம் இருந்த வெஸ்ட் ஹாக்ஹர்ஸ்ட் என்ற வீடு அவருக்கு வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். நாவல் ஈட்டித்தந்த பணத்தில், அந்த வீட்டை ஒட்டிய சிறு காடொன்றை அவர் விலைகொடுத்து வாங்கினார். சொத்து ஒரு மனிதனை என்னவெல்லாம் செய்துவிடுகிறது என்று தம்மையே கேலி செய்துகொண்டு அவர் எழுதிய 'மை வுட்' என்ற புகழ்பெற்ற கட்டுரை இந்தக் காட்டைப் பற்றியதே. நம்மில் சிலர் அதைக் கல்லூரிப் பாடமாகக்கூட வாசித்திருப்போம்.

அக்கட்டுரையில் இடம்பெறாத செய்தி ஒன்று உண்டு. காடு முழுக்க முழுக்க ஃபார்ஸ்டருக்குச் சொந்தம். வீடு அப்படியல்ல. இத்தனைக்கும் அந்த வீட்டை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞராக இருந்த அவருடைய தந்தை. தம் சகோதரிக்காக அதை எழுப்பினார். ஃபார்ஸ்டர் குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டதால், அவர் விட்டுச்சென்ற கண்கூடான அடையாளம் அந்த வீடுதான். ஆனால் வீடு நின்ற மண் ஃபாரர் பிரபுக் குடும்பத்துடையது; 60 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. 1937இல் குத்தகை முடிந்தது. வயது முதிர்ந்த தாயார் உயிரோடிருக்கும்வரை தங்கிக்கொள்ள இசைவு கிடைத்தது. 1945இல் தாயார் மறைந்தார். அடுத்த ஆண்டு, தமது 67ஆவது வயதில், ஃபார்ஸ்டர் அந்த வீட்டை ஒப்படைத்துவிட்டுக் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி கொடுத்த அறைகளுக்குக் குடிபெயர்ந்தார். தந்தை கட்டிய வீட்டிலிருந்து மகன் வெளியேறியதில் மோசடி எதுவும் இல்லை. இங்கிலாந்தின் சட்டம் எப்படி இயங்க வேண்டுமோ அப்படியே இயங்கியது.

இது அவருக்கு முதல் அனுபவமும் அல்ல. பதினான்கு வயதில், 1893இல், தாயும் மகனும் பத்தாண்டுகள் வாழ்ந்த ரூக்ஸ்நெஸ்ட் என்ற வீட்டை, குத்தகை நீட்டிக்கப்படாததால் காலி செய்ய நேர்ந்தது. அந்த வீடே பிற்பாடு 'ஹவார்ட்ஸ் எண்ட்' நாவலின் வீடாக உருமாறியது. 1910இல் வெளிவந்த அந்நாவலை வர்க்கங்களின் மோதலாகவும், பண்பாட்டுக்கும் வணிகத்துக்கும் இடையிலான இழுபறியாகவும் வாசிப்பதே நம் வழக்கம். அது தவறன்று. ஆயினும் ஷ்லெகல் சகோதரிகள் வீடு தேடி அலைய வேண்டிய நிலை எதனால் வந்தது? லண்டனில் அவர்கள் பிறந்து வளர்ந்த விக்கம் பிளேஸ் வீட்டின் குத்தகை முடிகிறது; நிலவுடைமையாளர் அதை இடித்துவிட்டு அடுக்குமாடி ஃப்ளாட்டுகள் கட்டப்போகிறார். நாவலின் பிற்பாதியை உந்தித்தள்ளுவது ஒரு பத்திரத்தில் எழுதப்பட்ட தேதி. இந்தத் தேதியின் வரலாற்றைத்தான், குறிப்பாக அதைத் தள்ளிப்போடும் உரிமை எப்படி வந்தது, யார் அதை எதிர்த்தார்கள் என்பதைத்தான், நாம் இங்கே பார்க்க முற்படுகிறோம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃப்ளாட் வாங்கும் ஒருவர் பெரும்பாலும் வாங்குவது காலத்தை. 99 ஆண்டு, 125 ஆண்டு, சிலவற்றில் 999 ஆண்டு என ஒரு தவணை. விலை முழுவதும் கொடுத்தாயிற்று, வங்கிக் கடனும் கட்டியாகிறது; ஆனாலும் மண்ணும் கட்டடத்தின் எலும்புக்கூடும் வேறொருவருடையவை. அவருக்கு ஆண்டுதோறும் நிலவாடகை செலுத்த வேண்டும். தவணை முடியும் நாளில் வீடு, வாங்கியவர் போட்ட தரை ஓடுகளோடும் அலமாரிகளோடும், மண்ணுக்கு உரியவரிடம் திரும்பிவிடும். சென்னையில் ஃப்ளாட் வாங்கியவருக்குப் பத்திரத்தில் 'பிரிக்கப்படாத பங்கு' என்ற சொல் பழக்கமானது. மண்ணில் அவருக்கும் ஒரு துண்டு பெயரளவிலேனும் உண்டு. இங்கிலாந்தின் குத்தகை ஃப்ளாட்டில் அதுவும் கிடையாது. அப்படிப்பட்ட வீடுகள் இங்கிலாந்தில் ஏறக்குறைய 50 லட்சம் இருக்கின்றன என்பது அரசின் மதிப்பீடு.

இதன் வேரைத் தேடினால் 1066க்குப் போக வேண்டியிருக்கும். நார்மன் வெற்றிக்குப் பின் மண் முழுதும் அரசருடையது. மற்ற எல்லோரும் அவரிடமிருந்தோ அவருக்குக் கீழிருந்தோ பெற்று வைத்திருப்பவர்கள். ஃப்ரீஹோல்ட் எனப்படும் முழு உடைமைகூடச் சட்டக் கோட்பாட்டின்படி ஒருவகை 'வைத்திருத்தல்' மட்டுமே. குத்தகையோ அந்த ஏணியில் கால் வைக்கவே இடமில்லாதது. ஆடுமாடு, பாத்திரம் பண்டங்களோடு சேர்த்து அதை அசையும் பொருளாகவே சட்டம் கருதியது. நிலவுடைமையாளர் இடையில் வெளியேற்றினால் குத்தகைதாரர் நட்டஈடு கேட்கலாம், நிலத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 1499 வாக்கில்தான் நீதிமன்றங்கள் நிலத்தையே மீட்டுத்தர முன்வந்தன. இவ்வளவு தாழ்ந்த உரிமையின் மீது பிற்காலத்தில் ஒரு பெருநகரமே எழுப்பப்பட்டது என்பதை நினைக்க வியப்பாகத்தான் இருக்கிறது.

1677இல் சர் தாமஸ் குரோவ்னர் என்ற இளைஞருக்கும் மேரி டேவிஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கும் திருமணம் நடந்தது. சீதனமாக வந்தது லண்டனின் மேற்கே சுமார் 500 ஏக்கர் சதுப்பும் மேய்ச்சல் நிலமும். அந்தச் சதுப்புதான் பின்னாளில் மேஃபேர், பெல்கிரேவியா. அடுத்த நூற்றாண்டில் மேஃபேரும், 1820களில் தாமஸ் கியூபிட் என்ற கட்டுநரின் முயற்சியால் பெல்கிரேவியாவும் எழுந்தன. குரோவ்னர்கள் ஒரு செங்கல்லையும் தாங்களே அடுக்கவில்லை என்று சொன்னால் பெரிய மிகையாகாது. மனையைக் கட்டுநருக்குக் குறைந்த நிலவாடகைக்குக் கொடுப்பார்கள். அவர் தம் செலவில் வீடு கட்டி, எஞ்சிய ஆண்டுகளைக் குடியிருப்போருக்கு விற்பார். தவணை முடிந்ததும் மண்ணும் வீடும் குடும்பத்துக்குத் திரும்பும். பெட்ஃபோர்ட், கடோகன், போர்ட்மன் ஆகிய குடும்பங்களும் இதே வழியைப் பின்பற்றின. பின்னாளில் எழுத்தாளர் குழுவொன்றுக்குப் பெயர் தந்த புளூம்ஸ்பரியும் பெட்ஃபோர்ட் கோமகனின் மண்தான்.

விற்றுவிடாமல் ஏன் குத்தகைக்கு விட்டார்கள்? பேராசை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் சட்டமும் அவர்களை அந்தப் பக்கமே தள்ளியது. பெருங்குடும்பங்களின் நிலம் தலைமுறைக் கட்டுக்குள் வைக்கப்பட்டிருந்தது. இன்றைய கோமகன் தம் ஆயுள்வரை அனுபவிக்கலாம், பிறவாத பேரனின் பங்கை விற்க முடியாது. குத்தகை இந்தச் சிக்கலுக்கு விடையளித்தது: மண் குடும்பத்தில் தங்குகிறது, நகரமும் வளர்கிறது. வாழும் கோமகனுக்கு வாடகை, பிறவாத கோமகனுக்கு வீடுகள். 1882இல் வந்த சட்டம் விற்கும் உரிமையைத் தந்தபோது, முறை வேரூன்றி நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

இதற்கு ஒரு நற்பயனும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. லண்டனின் சதுக்கங்கள் இன்றும் ஒரே உயரத்தில், ஒரே முகத்தோடு நிற்பதற்குக் காரணம், நூறாண்டு கழித்துத் தம் பேரனுக்கு வரப்போகும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று கவலைப்பட்ட நிலவுடைமையாளர் விதித்த கட்டுப்பாடுகள்தாம். அழகின் விலையை வேறொருவர் கொடுத்தார். தவணையின் கடைசி ஆண்டுகளில் வீட்டைப் பழுதுபார்க்க யாருக்கும் மனம் வராது. அந்த வால்பகுதி ஆண்டுகளை மலிவாக வாங்கி, அறை அறையாக ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டுப் பிழிந்த இடைத்தரகர்கள் தோன்றினார்கள். தொழிலாளர் குடியிருப்பு குறித்து 1884இல் அமைக்கப்பட்ட அரசு விசாரணைக் குழுவின் முன் இந்த அவலம் விரிவாகவே எடுத்துவைக்கப்பட்டது. குத்தகைதாரர் விரும்பினால் மண்ணையும் விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை வேண்டும் என்ற கோரிக்கை அந்தப் பத்தாண்டில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. அதை எடுத்துச்சென்றவர் ஹென்றி பிராட்ஹர்ஸ்ட். கல்தச்சராக வேலைபார்த்துப் பின் உறுப்பினரானவர். பிறர் மண்ணில் வீடு எழுப்புவதன் பொருள் அவருக்குப் புத்தகத்திலிருந்து தெரியவேண்டிய ஒன்றல்ல. மசோதாக்கள் திரும்பத் திரும்ப வந்தன, திரும்பத் திரும்பத் தோற்றன.

1909 ஜூலையில் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் லண்டனின் கிழக்கே லைம்ஹவுஸில் ஆற்றிய உரை இந்தக் கோபத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. பக்கிங்ஹாம் பேலஸ் சாலையில் கோரிஞ்ச் என்பவர் நடத்திய பெரிய ஜவுளிக்கடையை அவர் எடுத்துக்காட்டினார். ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு நிலவாடகையில் தொடங்கிய கடை. வியாபாரம் செழித்தது. குத்தகை முடியும் தறுவாயில் நீட்டிப்புக் கேட்டபோது, வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் தரப்பு ஆண்டுக்கு 4,000 பவுண்டு வாடகையும், அதற்குமேல் 50,000 பவுண்டு ரொக்கமும் கேட்டது என்றார். மேடைப் பேச்சில் மிகை இருந்திருக்கலாம். கோமகன் தரப்பினர் அதை ஏற்கவில்லை. ஆனால் கூட்டத்துக்கு வாதம் புரிந்தது. கடைக்காரரின் உழைப்பால் ஏறிய மதிப்பு, அவரிடமே மீண்டும் விற்கப்படுகிறது. பதினைந்து மாதங்கள் கழித்து 'ஹவார்ட்ஸ் எண்ட்' வெளியானபோது, குத்தகை முடிவு என்ற சொல் வாசகர்கள் காதில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மாற்றம் வந்தது லண்டனிலிருந்து அல்ல, தெற்கு வேல்ஸிலிருந்து. நிலக்கரி வளம் கொழித்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தப் பள்ளத்தாக்குகளில் சுரங்கத் தொழிலாளர்கள் வரிசை வரிசையாக வீடு கட்டிக்கொண்டார்கள். பலர் தங்களுக்குள் சீட்டுப் பிடிப்பதுபோல் சங்கம் அமைத்துச் சேமித்துக் கட்டினார்கள். மண் மட்டும் பெருநிலக்கிழார்களுடையது. 99 ஆண்டுக் குத்தகை. கார்டிஃபில் பியூட் பிரபுவின் குடும்பம் நகரின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்து, 1938இல் அந்த நிலவாடகைகளைக் கொத்தாக ஒரு நிறுவனத்துக்கு விற்றது. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் எதிர்கொண்டது முகம் தெரிந்த பிரபுவையன்று. பத்திரங்களை வாங்கி, அவை முதிரும் நாளுக்காகக் காத்திருக்கும் ஒரு கணக்குப் புத்தகத்தை.

கணக்கு எளிது. 1860களிலும் 70களிலும் எழுதிய 99 ஆண்டுகள் 1960களில் முடிகின்றன. தாத்தா கட்டிய வீட்டில், கணவரை இழந்த பாட்டி குடியிருக்கிறார். ஒருநாள் தபாலில் அறிவிப்பு வருகிறது. 1954இன் சட்டம் அவரை உடனே தெருவில் நிறுத்தவிடாமல் தடுத்தது, உண்மைதான். ஆனால் அது அவரைத் தம் சொந்த வீட்டிலேயே வாடகைதாரராக்கியது. ஹெரால்டு வில்சனின் தொழிற்கட்சி அரசு 1966இல் வெளியிட்ட வெள்ளையறிக்கை, நியாயப்படி மண் நிலவுடைமையாளருடையது, வீடு குடியிருப்பவருடையது என்று தெளிவாக அறிவித்தது. நமது தலைப்பும் அந்த வேறுபாட்டிலிருந்து பிறந்ததுதான். எட்டு நூற்றாண்டுகளாக இங்கிலாந்தின் சட்டம் ஏற்காத ஒன்று அது. மண்ணில் நிலைத்த எதுவும் மண்ணைச் சேர்ந்தது என்பதே பழைய விதி. 1967இன் குத்தகைச் சீர்திருத்தச் சட்டம், மதிப்புக் குறைந்த வீடுகளின் குத்தகைதாரர்களுக்கு இரண்டு வழிகளைத் திறந்தது: மண்ணின் விலையை மட்டும் கொடுத்து முழு உடைமையைப் பெறலாம், அல்லது குத்தகையை 50 ஆண்டுகள் நீட்டிக்கலாம்.

பின்னர் உயர்மதிப்பு வீடுகளுக்கும் அந்த உரிமை விரிந்தபோது, குரோவ்னர் குடும்பத்தின் அறங்காவலர்கள் ஸ்ட்ராஸ்பர்க்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெல்கிரேவியாவில் சுமார் 80 வீடுகள் கைவிட்டுப் போயிருந்தன. ஒரு தனிமனிதரின் சொத்தை எடுத்து இன்னொரு தனிமனிதருக்குக் கொடுப்பது எந்தப் பொதுநலம் என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியில் பொருள் இல்லாமல் இல்லை. வாங்கிய கையோடு விற்றுப் பெருலாபம் பார்த்த குத்தகைதாரர்களும் இருந்தார்கள். 1986 பிப்ரவரியில் நீதிமன்றம் ஒருமனதாக அறங்காவலர்களின் வாதத்தைத் தள்ளியது. சமூக அநீதியைக் களைவது சட்டமன்றத்தின் வேலை, அதற்காகச் சொத்து கைமாறுவதும் பொதுநலனே என்பது தீர்ப்பின் சாரம்.

இவை அனைத்தும் தனி வீடுகளுக்கே. ஃப்ளாட்டுகள் வெளியே நிறுத்தப்பட்டன. அதற்கொரு சுவையான சட்டக் காரணம் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக வீடுகள் அடுக்கப்படும்போது, மேல்வீட்டுக்காரர் கூரையைக் காக்க வேண்டும், கீழ்வீட்டுக்காரர் சுவரைக் காக்க வேண்டும். இன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் கட்டுப்படுவார், அவரிடம் வாங்கியவர்? 1848இல் லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டம் தொடர்பான வழக்கில், 'இதைச் செய்யாதே' என்ற கட்டுப்பாடு நிலத்தோடு சேர்ந்து பயணிக்கும் என்று தீர்ப்பானது. ஆனால் 'இதைச் செய்' என்ற கடமை முழு உடைமை நிலத்தோடு பயணிக்காது என்று 1885இல் நீதிமன்றம் சொன்னது. ஒழுகும் கூரை ஒன்று தொடர்பான வழக்கில் 1994இல் பிரபுக்கள் சபையும் அதையே உறுதிசெய்தது. ஆகவே கூரையைச் செப்பனிடும் கடமை கைமாறிச்செல்ல ஒரே வழி குத்தகைதான். ஃப்ளாட்டுக்கு முழு உடைமை கொடுத்தால் கூரை ஒழுகும்; குத்தகை கொடுத்தால் காலம் ஒழுகும். எல்லை தாண்டி எடின்பரோவுக்குப் போனால், அங்கே நூற்றாண்டுகளாக மாடிவீடுகளை மக்கள் முழுச் சொந்தமாகவே வைத்திருக்கிறார்கள். 1974இன் சட்டம் வீடுகளுக்கு 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகையையே தடைசெய்துவிட்டது. இங்கிலாந்தும் 2002இல் 'காமன்ஹோல்ட்' என்ற கூட்டுடைமை முறையைச் சட்டமாக்கியது. 2004இல் நடைமுறைக்கு வந்தது. கட்டுநர்கள் அதைச் சீந்தவில்லை. நிலவாடகையையும் முடிவின் விலையையும் கைவிட அவர்களுக்கு என்ன தேவை?

ஃப்ளாட்டுக்காரர்களுக்குத் தனித்தனியே குத்தகையை நீட்டிக்கும் உரிமை 1993இல் வந்தது, அதுவும் ஜான் மேஜரின் கன்சர்வேட்டிவ் அரசால். சொந்த வீட்டுக்காரர்களின் கட்சி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கட்சி, நிலக்கிழார்களின் கட்சியாகவும் இருந்ததால் வந்த நெருக்கடி அது. ஆறாவது வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் கட்சியிலிருந்தே விலகினார். எஞ்சிய தவணையோடு 90 ஆண்டுகள் கூடும். நிலவாடகை அன்றோடு ஒழிந்து, 'ஒரு மிளகு' ஆகிவிடும். இது உருவகமல்ல. பெயரளவிலேனும் ஏதாவது கைமாற வேண்டும் என்பதற்காக, ஆங்கிலப் பத்திரங்கள் இன்றும் ஒரு மிளகு மணியையே வாடகையாக எழுதுகின்றன. முசிறித் துறையில் பொன்னைக் கொடுத்து ஏற்றிச்செல்லப்பட்ட சரக்கு, ஒன்றுமில்லாததற்கான அளவையாக அங்கே போய் நிற்கிறது. மலையாளக் கரையின் கொடி அறிந்தால் என்ன நினைக்குமோ.

மிளகு மலிவுதான், 90 ஆண்டுகளுக்கு விலை உண்டு. அந்த விலையைக் கணக்கிடும் முறையில்தான் எல்லாச் சண்டையும் அடங்கியிருக்கிறது. மூன்று உறுப்புகள். முதலாவது, நிலவுடைமையாளர் இழக்கும் நிலவாடகை. இரண்டாவது, தவணை முடிவில் வீடு திரும்பக் கிடைக்கும் உரிமை 90 ஆண்டுகள் தள்ளிப்போவதால் வரும் இழப்பு. எதிர்காலத்து வீட்டின் இன்றைய மதிப்பு என்ன? ஃப்ளாட்டுகளுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு கழிக்க வேண்டும் என்று 2006இல் நிலத் தீர்ப்பாயம் ஒரு வழக்கில் வகுத்தது, மேல்முறையீடுகளிலும் அது நிலைத்தது. மூன்றாவது உறுப்புக்குத்தான் 'மேரேஜ் வேல்யூ', அதாவது திருமண மதிப்பு என்று பெயர். குறுகிய குத்தகையும் மண்ணின் உரிமையும் தனித்தனியே இருக்கும்போது இரண்டின் விலையையும் கூட்டினால் வருவதைவிட, அவை இணைந்தபின் வரும் விலை அதிகம். அந்த உபரியில் பாதியை நிலவுடைமையாளருக்குக் கொடுக்க வேண்டும். எஞ்சிய தவணை 80 ஆண்டுகளுக்கு மேல் இருந்தால் மட்டும் அந்த உபரி சுழியமாகக் கொள்ளப்படும் என்பது 2002இன் திருத்தம். ஒரு திருமணத்தால் உருவான லண்டனில் இன்னொரு திருமணத்துக்குக் குத்தகைதாரர் சீர் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நீட்டித்தால் 5,00,000 பவுண்டு பெறும் ஒரு ஃப்ளாட்டைக் கற்பனை செய்வோம். நிலவாடகை ஆண்டுக்கு 100 பவுண்டு. அதை 6 விழுக்காட்டில் கணக்கிடுவோம். 81 ஆண்டுகள் எஞ்சியிருந்தால் நீட்டிப்பின் விலை ஏறத்தாழ 11,000 பவுண்டு. 70 ஆண்டுகளே எஞ்சியிருந்தால் முதலிரு உறுப்புகள் 18,000 அளவில் வரும். குறுந்தவணை ஃப்ளாட்டின் சந்தை விலை முழுவிலையில் பத்தில் ஒன்பது பங்கு என்று கொண்டால், திருமண மதிப்பின் பாதியாக இன்னும் 13,000க்கு மேல் சேர்ந்து, மொத்தம் 30,000ஐத் தாண்டும். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் வீட்டுக்காரர் செய்த பிழை ஒன்றுமில்லை, வாழ்ந்தார் என்பதைத் தவிர. நீட்டிக்காமலே விட்டுவிடலாமா என்றால், தவணை குறையக்குறைய வங்கிகள் கடன் தரத் தயங்கும், விற்கவும் முடியாது. சட்டம் கொடுத்த உரிமை என்றாலும் அதைப் பயன்படுத்த நிலவுடைமையாளரின் வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் கட்டணங்களையும் குத்தகைதாரரே கொடுக்க வேண்டும் என்று 1993இன் சட்டம் எழுதியிருந்தது. தோற்ற தரப்பு செலவைக் கொடுப்பது ஆங்கில வழக்கம். இங்கே உரிமையுள்ள தரப்பு இருவர் செலவையும் கொடுத்தது.

2010களில் நிலவாடகை ஒரு முதலீட்டுச் சரக்காக முற்றிவிட்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை வாடகை இரட்டிக்கும் ஒப்பந்தங்கள் வந்தன. புதிதாகக் கட்டிய தனி வீடுகளைக்கூடக் குத்தகையாகவே விற்றார்கள். வாங்கியவர்கள் சங்கம் சேர்ந்து குரல் எழுப்பினார்கள். சட்ட ஆணையம் 2020இல் அடுத்தடுத்து அறிக்கைகள் அளித்தது. 2022 ஜூன் 30 முதல் புதிய நெடுங்குத்தகைகளில் நிலவாடகை ஒரு மிளகுக்கு மேல் இருக்கக் கூடாது என்றாயிற்று. 2024 மே 24 அன்று, தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலையவிருந்த அவசரத்தில், இன்னும் பெரிய சட்டம் ஒன்று நிறைவேறியது. நீட்டிப்பு 90 அல்ல, 990 ஆண்டுகள். திருமண மதிப்பு ஒழிக்கப்படும். எதிர்த் தரப்பின் செலவை இனிக் குத்தகைதாரர் பொதுவாகச் சுமக்க வேண்டியதில்லை. வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆனபிறகே நீட்டிப்புக் கேட்கலாம் என்றிருந்த நிபந்தனை 2025 ஜனவரி 31 அன்று நீங்கியது. விலையைத் தொடும் பிரிவுகளோ, சட்டப் புத்தகத்தில் ஏறியும் நடைமுறைக்கு வராமல் நின்றன. அமைச்சர் விகிதங்களை வகுத்து ஆணை பிறப்பிக்க வேண்டும். அதற்குள் வழக்கு வந்துவிட்டது.

வழக்குத் தொடுத்தவர்களில் குரோவ்னரும் கடோகனும் இருந்ததில் வியப்பில்லை. ஜான் லயன் அறக்கட்டளையும் இருந்தது என்பதுதான் சற்று நின்று பார்க்க வைக்கிறது. ஜான் லயன், ஹாரோ பள்ளியை நிறுவிய உழவர். லண்டனிலிருந்து ஹாரோவுக்கும் எட்ஜ்வேருக்கும் போகும் சாலைகளைச் செப்பனிட்டு வைப்பதற்காகப் பதினாறாம் நூற்றாண்டில் ஒரு பண்ணையை எழுதிவைத்தார். அந்தப் பண்ணையின் மேல்தான் லண்டனின் மைடா வேல் பகுதியில் வீடுகள் எழுந்தன. 1991 முதல் அதன் வருமானம் லண்டனின் ஒன்பது வட்டாரங்களில் குழந்தைகள், இளைஞர்கள் நலனுக்குச் செலவாகிறது. திருமண மதிப்பு ஒழிந்தால் அந்தக் குழந்தைகளுக்குப் போகும் பணம் குறையும் என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. ஆனால் ஏழைக் குழந்தைக்கான வரியை 70 ஆண்டுத் தவணையில் சிக்கிக்கொண்ட ஒரு ஃப்ளாட்டுக்காரரிடம் மட்டும் வசூலிப்பது ஏன் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. 1986இன் ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பின் நிழல் இந்த வழக்கின் மீதும் விழுந்தது. 2025 அக்டோபரில் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது.

தீர்ப்பு வந்தபிறகும் அந்த ஆண்டு முடியும்வரை புதிய விலைமுறை நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே 81 அல்லது 82 ஆண்டுகள் எஞ்சிய ஃப்ளாட்டின் உரிமையாளர் இக்கட்டான ஒரு கணக்கைப் போட வேண்டியிருந்தது. இப்போதே அறிவிப்பு அனுப்பினால் 1993இன் முறைப்படி, 80க்கு மேல் இருப்பதால் திருமண மதிப்பு இல்லாமல், 90 ஆண்டுகள் கிடைக்கும். காத்திருந்தால் 990 ஆண்டுகள் கிடைக்கலாம். சட்டம் தாமதமானால் 80க்குக் கீழே சரிந்துவிடவும் கூடும். மதிப்பீட்டு நாள் என்பது அறிவிப்புக் கொடுத்த நாள். அன்றோடு அந்த ஃப்ளாட்டின் கடிகாரம், விலையைப் பொறுத்தவரை, நிற்கிறது. நிலவுடைமையாளர் பதில் சொல்ல இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம். விலை படியாவிட்டால், பதில் வந்த ஆறு மாதங்களுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். போகத் தவறினால் அறிவிப்பு செல்லாததாகிவிடும். மறுபடி அனுப்ப ஓராண்டு பொறுக்க வேண்டும். அந்த ஓராண்டும் தவணையிலிருந்தே கழியும்.